புழுவுக்கு விட்ட சால்

“எப்பா, இலையெல்லாம் விஷம்னா, புழு எங்கன போய்ச் சாப்பிடும்?”

இதைக் கேட்டபோது சத்யபிரியாவுக்கு ஏழு வயது. புரட்டாசி மழை பெய்து ஓய்ந்து, கரிசல் மண் கால் வைத்தால் உள்ளே இழுக்காத பக்குவத்துக்கு வந்திருந்த ஒரு காலை. வயலோரத்து வேம்பின் அடியில் உட்கார்ந்து அவளுடைய அப்பா லிங்கராஜ் பருத்தி விதைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விடுமுறை. மகளுக்கு ஏதாவது பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

“இது சாதா விதை இல்லட்டி. இதுல முளைக்கிற செடியக் கடிச்சா காய்ப்புழு செத்துப்போகும். இலை, மொக்கு, காய் எல்லாத்துலயும் அந்த வேகம் இருக்கு. ஆடு மாடு மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது. புழுவுக்கு மட்டுந்தான்” என்று சொன்னான்.

அதற்குத்தான் அவள் அப்படிக் கேட்டாள்.

லிங்கராஜ் சிரித்துவிட்டான். “அது பட்டினி கெடக்கட்டும். நாம சாப்பிடணும்லா?”

சத்யபிரியா சிரிக்கவில்லை. பெட்டிக்குள் பெரிய பொட்டலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த சின்னப் பொட்டலத்தை எடுத்து, “அப்ப இது யாருக்கு?” என்றாள்.

“அது பாடுவாசிக்கு. முளைக்காத குழியில திரும்ப ஊனுறதுக்குக் கம்பெனிக்காரன் இனாமாக் குடுக்கான்.”

அப்போதெல்லாம் அந்தப் பொட்டலம் பெட்டிக்குள் தனியாக வரும். விளாத்திகுளத்திலிருந்து போகும் பஸ் திரும்பி நிற்கிற அந்தக் கடைசி ஊரில், அது பாடுவாசி விதை என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். சிலர் அதைக் கொண்டு விடுபட்ட குழிகளை நிரப்பினார்கள். சிலர் ஓடையில் எறிந்தார்கள். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. அதை விரித்துப் பார்த்தவர் யாருமில்லை. பக்கத்து வயல் தெரசம்மாளைத் தவிர.

லிங்கராஜுக்கு அந்த வருடம் பருத்தி தேறியே ஆக வேண்டும். முந்தைய இரண்டு வருடமும் கைவிட்டுவிட்டது. மனைவி சுகுணா புதியம்புத்தூரில் ஒரு தையல் கூடத்துக்குப் போய் வந்ததால் அடுப்பு எரிந்தது. சுகுணாவின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். “இந்த வருசமும் இப்படின்னா பேசாம கெளம்பி வந்திருங்க, மச்சான். நான் எடம் சொல்லி வச்சிருக்கேன்” என்று போனில் சொல்லியிருந்தான். அது சத்யபிரியாவின் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து, ஊருக்குள் எந்த பஸ் வந்தாலும், “இதா திருப்பூர் போற பஸ்ஸு?” என்று கேட்பாள். “நான் எங்கயும் போகல தாயி” என்று லிங்கராஜ் ஒரு நாள் அவள் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தான். பருத்தியை நம்பிச் சொன்ன வார்த்தை அது.

செடி நன்றாகவே வந்தது. முளைக்காத குழிகளில் சின்னப் பொட்டலத்து விதையை ஊன்றினான். வரப்புக்குக் கிழக்கே தெரசம்மாளும் அதே விதையைத்தான் போட்டிருந்தாள். ஆனால் சின்னப் பொட்டலத்தை வயலின் நான்கு ஓரமும் சுற்றித் தனி வரிசையாக, சாலாக ஊன்றியிருந்தாள். அதற்கும் வெளியே ஒரு வரிசை துவரை. அவளுடைய கணவர் ஆண்ட்ரூஸ் தூத்துக்குடியில் காவல் வேலை பார்த்தார். வாரக் கடைசியில்தான் வருவார். வயலெல்லாம் அவள் பார்வையில்தான்.

கார்த்திகையில் அசுவினி இறங்கியது. இலையின் அடியில் பொடிப்பொடியாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. இலைகள் சுருண்டு, தேன் ஒழுகியதுபோல் பிசுபிசுத்தன. காய்ப்புழுவைக் கொல்லும் செடி இதை ஒன்றும் செய்யவில்லை. லிங்கராஜ் உரக்கடையில் கேட்டு மருந்து வாங்கித் தெளித்தான். நாலு நாள் இலை பிசுபிசுப்பு இல்லாமல் தெளிவாக இருந்தது. பிறகு முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடி தெளித்தான். மறுபடி வந்தது.

அப்படி ஒரு நாள் வரப்பில் நின்றபோதுதான் தெரசம்மாளின் ஓரத்துச் சால் கண்ணில் பட்டது. மொக்குகளில் ஓட்டை. ஒரு மொக்கைப் பிளந்து பார்த்தான். உள்ளே பச்சைப் புழு ஒன்று நெளிந்தது.

“யக்கா! இங்கன வாங்க. வந்து இதப் பாருங்க.”

களை எடுத்துக்கொண்டிருந்த தெரசம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து வந்தாள். “என்ன தம்பி?”

“என்னவா? புழு. உங்க ஓரம் முழுக்கப் புழு.”

“ஆமா. அதுக்குத்தான அது.”

“எதுக்கு?”

“புழு திங்கதுக்கு.”

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன தங்கமாரி இதைக் கேட்டு நின்றுவிட்டான். அவனுக்கு யாரையாவது கேலி செய்யாவிட்டால் பொழுது போகாது. “கேட்டியா லிங்கராசு! அக்கா புழுவுக்கு அசனம் போடுதாங்க!”

“ஆமாலே, நீயும் வந்து பந்தியில உக்காரு. உனக்கும் எடம் இருக்கு” என்றாள் தெரசம்மாள்.

தங்கமாரி சிரித்துக்கொண்டே ஆடுகளின் பின்னால் போனான். லிங்கராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

“வெளையாட்டு இல்லக்கா. நீங்க வளக்கது எல்லாம் எங்க வயலுக்குத்தான் வரும். பிடுங்கிப் போடுங்க.”

“பிடுங்க மாட்டேன் தம்பி. பெட்டிக்குள்ள இருந்த தாளை எம்மக ரூபி வாசிச்சுச் சொன்னா. இது சாதாப் பருத்தியாம், சுத்தி ஓரத்துல இதைத்தான் ஊனணுமாம். துவரையும் போடலாமாம். எதுக்குன்னு அவளும் சொன்னா, எனக்கு மனசுல நிக்கல. எல்லாத்தையும் நீயே வச்சுக்கிடாத, ஓரத்துல கொஞ்சம் விட்டு வைன்னு ஒருத்தர் சொல்லுத மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்.”

“புழுவுக்கா?”

“புழுவும் அவரு படைச்சதுதான?”

அவள் கழுத்து ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டு களைக்குத் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே லிங்கராஜின் கோபத்தைக் கூட்டியது. தன் வயல் அழிவதற்கு அந்த ஓரந்தான் காரணம் என்று அவன் மனம் முடிவுகட்டிவிட்டது. புழு வேறு, அசுவினி வேறு என்று பிரித்துப் பார்க்கிற நிதானம் அவனிடம் அப்போது இல்லை. பயந்த மனிதனுக்குப் பக்கத்து வயல்தான் முதலில் தெரிகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, உரக்கடைக்காரர் சொன்னபடி இரண்டு மருந்தைச் சேர்த்துக் கலக்கினான். தன் வயலுக்கு அடித்தது போக, முதுகில் மாட்டிய டேங்க்கில் பாதி மிச்சம் இருந்தது. நல்ல உச்சி வெயில். சுற்றிலும் ஆள் இல்லை. வரப்பைத் தாண்டினான்.

மேற்கு ஓரத்துச் சால் முழுக்க அடித்தான். துவரைக்கும் சேர்த்து அடித்தான். முகத்தில் துணி கட்டவில்லை. காற்று எதிரே வீசியது. துவரை இலைகளிலிருந்து சிவப்பாக, புள்ளி புள்ளியாகச் சின்ன வண்டுகள் உதிர்ந்தன. ஒரு கும்பிடுபூச்சி கொப்பைப் பிடித்தபடி முன்கால்களைச் சேர்த்துக்கொண்டு ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லிங்கராஜுக்கு வாயில் எச்சில் ஊறி வழிந்தது. உடம்பெல்லாம் வேர்த்தது. நெஞ்சை யாரோ மிதிப்பதுபோல் இருந்தது. துவரைக்கு அடியில் முகம் குப்புற விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் இருந்தான். கையில் ஊசி ஏற்றியிருந்தது. கட்டிலோரத்தில் சுகுணா. அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன.

“சாமி புண்ணியம். கழுகுமல முருகனுக்கு நேந்திருக்கேன்” என்றாள். பிறகு அழுதாள். அழுது முடித்துத் திட்டினாள். “மூஞ்சில ஒரு துண்டக் கட்டினா என்ன? கிரீடமா எறங்கிப் போகும்?”

“யாரு தூக்குனா?”

“தெரசக்காதான். கோயில் முடிஞ்சு நேரா வயலுக்கு வந்திருக்காங்க. நீங்க நம்ம வேம்படியில கெடந்தீங்களாம். சட்டையக் கழட்டிப்போட்டு, அவிய குடிக்கக் கொண்டாந்த தண்ணியெல்லாம் உங்க மேல ஊத்திக் கழுவி விட்டிருக்காங்க. அப்படிக் கழுவினதுதான் உயிரக் காப்பாத்துச்சுன்னு டாக்டரே சொன்னாரு. அப்புறம் சத்தம் போட்டு ஆளக் கூப்பிட்டாங்களாம்.”

“வேம்படியிலயா?”

“ஆமா. டேங்க்கு நம்ம பருத்திக்குள்ள கெடந்துச்சுன்னு தங்கமாரி அண்ணன் எடுத்தாந்து வீட்டுல வச்சிருக்காரு.”

லிங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டான். அவன் விழுந்தது துவரைக்கு அடியில். தெரசம்மாளின் வயலில். மயங்கிக் கிடந்தவனை நிழலுக்கு இழுத்துப் போட்டது சரி. வேம்பு அவன் வயலில்தான் நின்றது. ஆனால் டேங்க்குக்கு நிழல் எதற்கு?

ஆட்கள் ஓடி வருவதற்கு முன்னால், ஐம்பது வயது தாண்டிய அந்த மனுஷி, தன் வயலில் கிடந்த டேங்க்கைச் சுமந்து வரப்பைத் தாண்டி, அவன் பருத்திக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அவன் எதற்காகத் தன் வயலுக்குள் வந்தான் என்று ஒரு பார்வையிலேயே அவளுக்குப் புரிந்திருக்கும். உதிர்ந்து கிடந்த வண்டுகளைப் பார்த்திருப்பாள். பார்த்தும், அவனுக்கு ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க ஒரு வழி வைத்திருக்கிறாள்.

சுகுணா, “நெஞ்சு வலிக்கா?” என்று கேட்டாள். “இல்ல” என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகும் கை கால் நடுக்கம் நிற்கச் சில நாட்கள் ஆயின. மருந்து டப்பாவைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கமாரியை விட்டாவது ஒரு தடவை அடித்துவிடலாமா என்று சுகுணாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தான்.

“உங்களுக்குப் பதிலா அவரு விழணுமோ?” என்று கேட்டுவிட்டு, டேங்க்கைப் பரணில் போட்டுவிட்டாள்.

அத்துடன் வயல் போயிற்று என்றே அவன் நினைத்தான். பொங்கல் கழிந்ததும் வருகிறேன் என்று மைத்துனனுக்குப் போன் பண்ணிச் சொன்னான். திரும்பிப் பார்த்தால் வாசலில் சத்யபிரியா நின்றுகொண்டிருந்தாள்.  ஊருக்குள் பஸ் வந்தால்கூட, அது எங்கே போகிறது என்று அதன் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வேளாண்மைத் துறையிலிருந்து சுந்தரேஸ்வரி என்ற அலுவலர் ஒரு நாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மருந்து அடித்து மயங்கியவர் யார் என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். சின்ன வயதுப் பெண். வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள்.

“வயலப் பாக்கலாமா அண்ணாச்சி?”

“அதுல என்ன மேடம் இருக்கு பாக்க” என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போனான். சத்யபிரியாவும் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

சுருண்ட இலை ஒன்றைத் திருப்பினான். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே கறுப்பாக, முள்ளும் கோடுமாக, முதலைக்குட்டி மாதிரி ஒரு புழு ஊர்ந்தது. “பாத்தீங்களா, இது வேற திரும்ப வந்திருக்கு. நான் மருந்தடிக்கதுக்கு முன்னாடியும் இதுதான் நெறயக் கெடந்துச்சு” என்று சொல்லி நசுக்கப் போனான்.

“ஐயய்யோ, விட்ருங்க! அது புள்ளி வண்டோட பிள்ள.”

லிங்கராஜின் விரல் அப்படியே நின்றது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். அந்த முள்புழு ஒரு அசுவினியைப் பிடித்து நிதானமாகத் தின்றது. தின்று முடித்து அடுத்ததற்கு நகர்ந்தது.

“ஏ, இது அசிங்கமா இருக்கு. புள்ளி வண்டு அழகா இருக்கும்லா?” என்றாள் சத்யபிரியா.

“சின்னதுல எல்லாரும் அப்படித்தான்” என்று சுந்தரேஸ்வரி சிரித்தாள். “நீங்க தப்பா நெனச்சிக்கிடாதீங்க அண்ணாச்சி. இந்தப் பருத்தி வந்ததுல ஒரு நல்லதும் நடந்துச்சு. காய்ப்புழுவுக்குன்னு முன்னாடி மாதிரி மருந்தடிக்க வேண்டாம்னு ஆச்சு. அதுனால இந்த மாதிரி நல்ல பூச்சியெல்லாம் வயல்ல நெலச்சுது. ஆனா அசுவினிக்கு இந்தச் செடி ஒண்ணும் பண்ணாது. அதுக்கு நீங்க மருந்த எடுத்தா, மொதல்ல சாகது அதைத் திங்க வந்த பூச்சிதான். அசுவினி சீக்கிரம் பெருகிரும். வண்டு பெருக நாளாகும். அதான் அடிக்க அடிக்கக் கூடிக்கிட்டே போயிருக்கு.”

“இப்ப இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சு? என் வயல்லதான் ஒண்ணும் மிச்சமில்லையே.”

சுந்தரேஸ்வரி நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். கிழக்கே தெரசம்மாளின் துவரை பூத்துக் கிடந்தது. மேற்கு ஓரம் கருகியிருந்தது. மற்ற மூன்று பக்கமும் பச்சையாக நின்றது. “அங்க இருந்துதான். வேற எங்க?”

லிங்கராஜ் அந்தக் கருகிய ஓரத்தைப் பார்த்தான். பிறகு தயங்கிக் கேட்டான். “மேடம், வெதைக்கும்போது எம்மக ஒண்ணு கேட்டா. இலையெல்லாம் விஷம்னா புழு எங்கன போய்ச் சாப்பிடும்னு. நான் சிரிச்சிட்டேன்.”

சுந்தரேஸ்வரி சத்யபிரியாவைத் திரும்பிப் பார்த்தாள். “இதைத்தான நாங்க ஊர் ஊராக் கூட்டம் போட்டுச் சொல்லுதோம். ஒருத்தரும் கேக்க மாட்டேங்கீங்க” என்றாள். அப்புறம் வரப்பில் உட்கார்ந்து சொன்னாள்.

“அந்தச் சின்னப் பொட்டலம் புழுவுக்குத்தான். நீங்க நெனைக்க மாதிரி பாடுவாசிக்கு இல்ல. வயல் முழுக்க விஷச் செடியா இருந்தா எல்லாப் புழுவும் சாகும். எங்கயோ ஒண்ணு ரெண்டு மட்டும் அதைத் தாங்கித் தப்பிக்கும். அப்படித் தப்பிச்சதும் தப்பிச்சதும் ஜோடி சேந்தா, பெறக்கது எல்லாம் தாங்குற புழுவா இருக்கும். அப்புறம் இந்த விதையால பிரயோசனமே இல்ல. வடக்க சில பக்கம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்படி ஆயிருச்சு. ஓரத்துல சாதாச் செடி இருந்தா, அதத் தின்னு வளந்த புழுவும் அந்துப்பூச்சியாகிப் பறக்கும். தப்பிச்சது அதுங்க கூடத்தான் சேரும். அதோட பிள்ளைங்க நம்ம செடிக்கு அடங்கிரும். புழுவுக்கு நாலு சால் விட்டாத்தான் மத்த சால் நமக்கு.”

“தெரசக்கா ஓரம் ஒண்ணு போதுமா?”

“போதாது. அந்துப்பூச்சி ரொம்பத் தூரம் பறக்கும். ஊரே செய்யணும். ஆனா ஒருத்தங்க ஆரம்பிச்சாத்தான நாளைக்கு ஊரே செய்யும்.” எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். “மருந்து வேண்டாம். பொறுத்துப் பாருங்க. மீறிப் போனா வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சுக்கிடலாம். நான் வந்து சொல்லித் தாரேன்.”

பொறுத்திருப்பது என்பது விவசாயிக்குப் பழக்கம்தான். மழைக்குப் பொறுப்பான், விலைக்குப் பொறுப்பான். பூச்சிக்குப் பொறுப்பது புதிது. லிங்கராஜ் தினமும் காலையில் வயலைச் சுற்றினான். இலைக்கு அடியில் தலைமுடி போன்ற காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக ஒட்டி வைத்த வெள்ளை முட்டைகளைப் பார்த்தான். அது கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் முட்டை, அதுவும் அசுவினியைத் தின்னும் என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டான். சிலந்திகள் வலை கட்டின. சாயங்காலம் தட்டான்கள் தாழப் பறந்தன. முள்புழுக்கள் ஒட்டிக்கொண்டு கூடாகி, ஒரு நாள் சிவப்பு வண்டுகளாக நடந்தன. சத்யபிரியா ஒன்றை விரலில் ஏற்றி, நுனிவரை நடக்கவிட்டு, அது பறந்து போவதைப் பார்த்தாள்.

“எப்பா, பாத்தீங்களா, அழகாயிருச்சு.”

எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. ரோட்டுப் பக்கம் சில சால்கள் சுருண்டது சுருண்டபடியே போயின. ஆனால் கிழக்கிலிருந்து, தெரசம்மாளின் வரப்பை ஒட்டிய செடிகளிலிருந்து, தளிர் நிமிர்ந்துகொண்டே வந்தது. தை பிறக்கும்போது காய் பிடித்தது. மாசியில் வெடித்தது. பாதிக்கு மேல் தேறிவிட்டது. பொங்கல் கழிந்தும் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவன், முதல் எடுப்பு முடிந்த அன்று மைத்துனனுக்குப் போன் போட்டான். “வேற ஆளுக்கு அந்த எடத்தக் குடுத்திரு, மாப்ள. நான் வரல.” இதைச் சத்யபிரியா பக்கத்தில் இருக்கும்போதே, கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.  அவள் ஓடிப்போய்த் தெருவில் நின்ற பஸ்ஸுக்கு டாட்டா காட்டினாள்.

தெரசம்மாளும் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்புக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். பல நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று அவன் அருகே போனான்.

“யக்கா, அன்னைக்கு நான் உங்க ஓரத்துல…”

“அன்னைக்கு வெயில் ரொம்ப இல்லா அடிச்சிச்சு” என்று அவள் இடைமறித்தாள். தலையை நிமிர்த்தவில்லை. “அந்த வெயில்ல யாருக்குத் தம்பி வரப்பு தெரியும்?”

“இல்லக்கா, நான் தெரிஞ்சுதான்…”

“பஞ்சு காத்துல போகுது பாருங்க. பேசாம எடுங்க.”

அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவும் அவள் இடம் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குப் பாரம் இறங்கியிருக்கும். ஆனால் அந்த வார்த்தை ஒரு தடவை வாயை விட்டு வெளியே வந்துவிட்டால் அது ஊரில் நடமாடத் தொடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கடன் கடனாகவே அவனிடம் தங்கியது. கடவுள் சில கடன்களை உடனே வாங்கிக்கொள்வதில்லை. நம்மிடமே வைத்து நம்மை நடத்திப் பார்க்கிறார்.

அடுத்த புரட்டாசியில் மழை தாமதமாக வந்தது. வந்தது நன்றாகப் பெய்தது. லிங்கராஜ் அந்த வருடம் சின்னப் பொட்டலங்களைத் தன் வயலின் ஓரத்தில் சுற்றி ஊன்றினான். துவரையும் போட்டான். சத்யபிரியா குழிக்கு ஒரு விதை வைத்து, “சாப்பிடு சாப்பிடு” என்று வராத புழுக்களுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். சுந்தரேஸ்வரி போட்ட கூட்டத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் ஓரம் விட்டிருந்தார்கள். தங்கமாரி மட்டும் மசியவில்லை. “இந்தா, உன் புழுவுக்கு அசனத்துக்கு என் மொய்” என்று சொல்லித் தன் பொட்டலங்களை லிங்கராஜின் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

கழுகுமலையில் இருந்த மகள் ரூபிக்குப் பிரசவ நேரம். தெரசம்மாள் மழைக்கு முன்பே அங்கே போய்விட்டாள். ஆண்ட்ரூஸ் ஒரு நாள் லீவு போட்டு வந்து, ஆள்விட்டு விதை ஊன்றிவிட்டு, அன்றைக்கே தூத்துக்குடி பஸ் ஏறிவிட்டார். வந்த ஆட்கள் பெரிய பொட்டலத்தை மட்டும் வயல் நடுவில் ஊன்றினார்கள். ஓரம் வெறும் மண்ணாகக் கிடந்தது. சின்னப் பொட்டலங்கள் போன இடம் தெரியவில்லை. அவள் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பி வரும்போது ஈரம் போயிருக்கும். கரிசலில் ஈரம் போன பிறகு போட்ட விதை மண்ணோடு மண்தான்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளை. சுகுணா கறி சமைத்துக்கொண்டிருந்தாள். வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு லிங்கராஜ் புறப்பட்டான். மடியில் தங்கமாரியின் பொட்டலங்களும், வீட்டுத் துவரையும்.

வேம்படியில் செருப்பைக் கழற்றினான். நாலு பக்கமும் பார்த்தான். ஆள் இல்லை. போன வருடம் பார்த்ததுபோலவேதான் பார்த்தான். பிறகு வரப்பைத் தாண்டினான்.

முதலில் மேற்கு ஓரம். குச்சியால் குழி போட்டு, விதை வைத்து, கால் பெருவிரலால் மண்ணைத் தள்ளி மூடினான். ஈரக் கரிசல் காலில் அப்பி அப்பி, கொஞ்ச தூரத்தில் செருப்பைப்போல் தடித்தது. நின்று வழித்துவிட்டுத் தொடர்ந்தான். தான் குப்புற விழுந்த இடம் என்று நினைத்த இடத்தில் துவரையைக் கொஞ்சம் நெருக்கமாக ஊன்றினான். பிறகு தெற்கு, கிழக்கு, வடக்கு. கடைசிக் குழியை மூடியபோது முதுகு நிமிரவில்லை. போன வருடம் இந்த வயலில் வேர்த்த வேர்வை வேறு, இது வேறு.

வரப்பில் மண் கட்டி ஒன்றிரண்டு அவன் காலிலிருந்து விழுந்து கிடந்தது. அதை எடுத்துத் தன் வயல் பக்கம் போட்டான். காலியான பொட்டலங்களை மடித்து மடியில் செருகினான். வேம்படியில் நின்று திரும்பிப் பார்த்தான். தெரசம்மாளின் வயலைச் சுற்றி அவன் காலடித் தடம் பளிச்சென்று தெரிந்தது.

தெற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. தடம் அழிய நாலு தூற்றல் விழுந்தால் போதும். காலைக்கூடக் கழுவாமல் அவன் வேரில் உட்கார்ந்து மழைக்குக் காத்திருந்தான்.